வாயில் வைக்காத தேயிலை

1

"அம்மா கடந்த மாதம் காலமானார். அப்பா போய் நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 1995 முதல் 1997 வரை அவர்கள் மாத்தளையில் ஊழியம் செய்தபோது அவர்களிடம் உதவி பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினால், பேரப்பிள்ளைகளுக்காக ஒரு சிறு புத்தகமாகக் கட்டி வைக்க விரும்புகிறோம்."

2008 நவம்பர் 3 என்று தேதியிட்ட இந்தக் கடிதம் லண்ட்பெர்க் தம்பதியின் மகளிடமிருந்து ஆங்கிலத்தில் வந்தது. மேலே உள்ளது என் தமிழாக்கம். படித்து முடித்ததும் கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய நாட்குறிப்புப் பெட்டியை இழுத்தேன். 1995 என்பது பிழை. அவர்கள் எங்கள் சபையில் முதன்முதலாகப் பேசிய ஞாயிறு 1996 மே மாதத்தில் வருகிறது. அன்று மழை என்றும், கூரை ஒழுகியதால் பாட்டுப் புத்தகங்களை மேசைக்குக் கீழே வைத்தோம் என்றும் எழுதியிருக்கிறேன்.

துக்கக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது ஆண்டைத் திருத்தலாமா என்று என் மனைவி மல்லிகாவிடம் கேட்டேன்.

"விட்டா செத்தவங்க பொறந்த தேதியையும் நீங்க திருத்துவீங்க," என்றாள்.

அதனால் திருத்தத்தை ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், உறுத்தாத இடத்தில் வைத்து ஆங்கிலத்தில் ஒரு பக்கம் அனுப்பினேன். அந்தப் பக்கத்தில் அடங்காததை ஊரில் உள்ளவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். சபையில் சேர்ந்தால் வெள்ளைக்காரர்கள் விசா எடுத்துத் தருவார்கள் என்று அந்தக் காலத்தில் இலங்கையில், மாத்தளையை அடுத்த இரத்தோட்டைப் பக்கம் ஒரு பேச்சு இருந்தது. இப்போதும் தொலைபேசியில் யாராவது அதைக் கேட்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. என் விஷயத்தில் நடந்ததை மட்டும் என்னால் சொல்ல முடியும்.

2

நாங்கள் இப்போது இருப்பது கனடாவில், பிரம்டன் என்ற ஊரில். நான் ஓர் உணவுப்பொருள் கிடங்கில் வேலை செய்கிறேன். பனிக்காலத்தில் இருட்டோடு போய் இருட்டோடு திரும்ப வேண்டியிருக்கிறது. வங்கியிலிருந்தும் மின்சாரக் கம்பனியிலிருந்தும் வரும் கடிதங்கள் எல்லாம் "மதிப்புக்குரிய திரு. பெரியசாமி" என்றே தொடங்கும். பெரியசாமி என் அப்பா. தோட்டத்து லய வீட்டை விட்டு வெளியே போகாத அவருக்கு இத்தனை கடிதம் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. பெரியசாமி ராஜகோபால் என்ற பெயரில் எது என்னுடையது என்று இந்த நாட்டுக்கு விளக்க இரண்டு அலுவலகங்களில் முயன்றேன். இரண்டாவது இடத்தில் இருந்த பெண், "இப்போது இரண்டுமே உங்களுடையதுதான்" என்று அன்பாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். அதன்பிறகு நானும் விட்டுவிட்டேன்.

வேலை இடைவேளையில் எல்லோரும் கோப்பி இயந்திரத்தின் முன் நிற்பார்கள். நான் வெந்நீர் மட்டும் பிடிப்பேன். கூட வேலை செய்யும் பஞ்சாபிக்காரர் ஒருவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் கை வைப்பார். சிலோனில், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் சாய் குடிப்பதில்லை என்பதை அவரால் நம்ப முடியவில்லை. எங்கள் சபையில் மது, புகையிலை, கோப்பி, தேநீர் எல்லாம் விலக்கு. ஞானஸ்நானம் எடுக்கும்போது அதற்கு வாக்குக் கொடுக்கிறோம். நான் 1994இல் கொடுத்தேன்.

மல்லிகா கொடுக்கவில்லை. அவள் சமையலறை அலமாரியில் மாரியம்மன் படம் இருக்கிறது. அதற்குக் கீழே தேயிலை டப்பா. மாலையில் இஞ்சி தட்டிப் போட்டுத் தேத்தண்ணி ஊற்றுவாள். வீடு முழுக்க மணக்கும். எங்களுக்குள் இதில் சண்டை வந்ததில்லை. "ஒங்க சாமிக்கு ஆகாதது எங்க சாமிக்கு ஆகும்," என்று ஆரம்பத்திலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

மகள் கவிதாவுக்கு ஒன்பது வயது. ஆங்கிலத்தில் கரைந்துவிடுவாள் என்று பயந்து சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்தோம். அங்கே படிப்பிப்பவர்கள் யாழ்ப்பாணத்தவர்கள். இப்போது சாப்பாட்டு மேசையில் எங்களைத் திருத்துகிறாள்.

"அம்மா, 'பேசுறாங்க' இல்லை. 'கதைக்கினம்'."

"ஒங்க தாத்தா காலத்திலருந்து நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். நீ வேணும்னா கதைச்சிக்க," என்றாள் மல்லிகா.

எங்கள் பிள்ளை எங்களை விட்டு இங்கிலாந்துப் பக்கம் போவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கம் போய்விட்டாள். பரவாயில்லை, திரும்பி வரக்கூடிய தூரம்தான்.

மகன் மதனுக்குப் பதினைந்து. போன கோடையிலிருந்து சபைக்கு வருவதில்லை. பள்ளி விட்டு வரும்போது கையில் ஐஸ் போட்ட கோப்பி இருக்கும். முதல்முறை பார்த்தபோது, "இதுல சீனிதான்பா கூட," என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மல்லிகா கேட்டாள். அதற்கு நான், கடிதம் எழுதிய பெண்ணின் அப்பாவான எல்டர் லண்ட்பெர்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கடிதமும் அந்த வாரத்தில்தான் வந்தது.

3

1996இல் நான் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிற்சாலையில், தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் காம்பராவில் இருந்தேன். அதற்கு முன்பு தொழிற்சாலைப் பொறுப்பாளரான டீமேக்கரின் உதவியாளனாக இருந்தேன். முந்திய நாள் தேயிலையைக் காலையில் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்து, கரண்டியால் சத்தமாக உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, துப்பி, எங்கே சூடு கூடியது, எங்கே இலை சரியாக வாடவில்லை என்று அவரோடு சேர்ந்து பார்ப்பேன். ஞானஸ்நானம் எடுத்த பிறகு வேறு வேலை கேட்டுப் போனேன்.

"ஏண்டா ராசகோபாலு, ஊர்ல எத்தன சாமி இருக்கு, ஒனக்கு இந்தச் சாமிதான் கெடச்சிச்சா?" என்றார் டீமேக்கர். ஆனாலும் மாற்றிக் கொடுத்தார்.

சபை மாத்தளை நகரில் ஒரு மேல்மாடியில் நடந்தது. கீழே ஹாஜியார் ஒருவரின் கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். மேலே ஜெபம் நடக்கும்போது கீழே கராம்பு அளப்பார்கள். எங்கள் பாட்டுப் புத்தகங்களில் கூட அந்த மணம் ஏறியிருந்தது. கட்டடமும் ஹாஜியாருடையதுதான். "மேல உள்ளவங்களுக்குத் தேத்தண்ணியே ஹராம். அதப் பாத்தா நம்ம பாடு லேசு," என்று கடைக்கு வருகிறவர்களிடம் எங்களைக் காட்டிச் சொல்வார்.

லண்ட்பெர்க் தம்பதி இருவரும் எழுபதை நெருங்கியவர்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் உருளைக்கிழங்கு விளைவித்தவர்கள். பிள்ளைகள் வளர்ந்த பின் சொந்தச் செலவில் ஊழியத்துக்கு வந்தார்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு பிரசங்கம் செய்வதல்ல, சபையாருக்கு வேலை தேட உதவுவது. சபை வழக்கப்படி அவர்களை எல்டர், சிஸ்டர் என்று அழைக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு அது போதவில்லை. "எல்டர் ஐயா", "சிஸ்டரம்மா" என்றுதான் அழைத்தோம். இருவரும் ஒருவரை விட்டு ஒருவர் எங்கும் போகமாட்டார்கள். அது அவர்கள் ஊழியத்தின் விதி. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் இருவராகப் போவார்கள்.

சிஸ்டர் முதலில் படித்த தமிழ்ச் சொல் "உக்காருங்க". அதற்குக் காரணம் நாங்கள்தான். தோட்டத்துத் துரைக்கு முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத ஆட்களை நாற்காலியில் உட்கார வைப்பதே அவருக்கு முதல் பாடமாக இருந்தது. நாங்கள் நுனியில் உட்காருவோம். அவர் வந்து தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளுவார். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று வேலைத் தேர்வுப் பயிற்சிக்காகக் கேட்பார்; ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்த நான் மற்றவர்களுக்குத் தமிழில் சொல்வேன். "எது குடுத்தாலும் செய்வேங்க" என்போம். அது தவறான பதில் என்று எங்களுக்குப் புரிய வைக்க அவருக்கு மாதக்கணக்கானது. எங்கள் லயத்தில் அதைவிட நல்ல பதில் கிடையாது.

அவர்கள் யாரையும் வெளிநாட்டுக்குத் தள்ளவில்லை. இரண்டு பேருக்குச் சீகிரியாவில் ஹோட்டல் சலவை வேலை பார்த்துக் கொடுத்தார்கள். ஒருவருக்கு உக்குவளையில் ஒரு கடை வேலை. எனக்கும் அப்படித்தான் ஏதாவது பார்த்திருப்பார்கள், அந்த ஓகஸ்ட் மாதம் இல்லாவிட்டால்.

போர் நடந்த காலம், அதுவும் கண்டியில் பெரஹர என்ற பௌத்தத் திருவிழாச் சமயம். கண்டியைச் சுற்றிச் சோதனை கடுமையாக இருந்தது. என்னிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தோட்டத்துப் பதிவில் ஒரு பெயர், அதனால் விண்ணப்பம் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து இறக்கி என்னைப் பொலிஸில் வைத்தார்கள். மல்லிகாவுக்குச் சொல்ல ஆள் இல்லை. மறுநாள் காலை செய்தி சபைக்கு எட்டியது. லண்ட்பெர்க் தம்பதி வந்து நிலையத்தின் நீள மர வாங்கில் உட்கார்ந்தார்கள். எல்டர் பேசத் தெரிந்த சிங்களம் முழுவதையும் இரண்டு நிமிடத்தில் பேசி முடித்தார். பிறகு சிஸ்டர் நூலும் ஊசியும் எடுத்துப் பின்ன ஆரம்பித்தார். மத்தியானம் என்னை வெளியே விட்டபோது ஒரு குழந்தைத் தொப்பி பாதி முடிந்திருந்தது.

என்னை யாரும் அடிக்கவில்லை. அதை எழுத வேண்டும், ஏனென்றால் என்னோடு இருந்த இருவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அவர்களைத் தேடி வாங்கில் உட்கார யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து மல்லிகா நிம்மதியாகத் தூங்கவில்லை. அவள் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்தாள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்களின் பிள்ளைகளோடு எங்கள் மூன்று வயது மதனையும் அங்கேதான் பார்த்துக்கொண்டாள். நான் வர அரை மணி தாமதமானாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிடுவாள். நான் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று முடிவு செய்தது அவள்தான்.

4

என் பெயர்ச் சிக்கலை அவிழ்க்க எல்டர் கிராம சேவகரிடமும் கச்சேரி என்ற மாவட்டச் செயலகத்திலும் ஏறி இறங்கினார். நவம்பரில் அடையாள அட்டை வந்தது. பிறகு ஹாஜியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். ஷார்ஜாவில் தேயிலை கலந்து பெட்டியில் அடைக்கும் கம்பனி ஒன்று ஜனவரியில் கொழும்புக்கு வந்து ஆள் எடுக்கப் போகிறது, அதில் அவர் உறவுக்காரர் ஒருவர் இருக்கிறார். சம்பளம் நல்லது, தங்குமிடம் உண்டு.

என் விபரங்களை எல்டர் தட்டச்சு செய்தார். சிஸ்டர் கேள்வி கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கினார். டீமேக்கரோடு கோப்பை பார்த்ததையும் சொன்னேன். அதுதான் பெரிய தகுதி என்று இருவரும் மகிழ்ந்து முதல் வரியில் போட்டார்கள். அவர்கள் பிறந்ததிலிருந்து தேநீர் குடிக்காதவர்கள். தேயிலையைச் சோதிப்பது என்றால் அதை வாயில் வைப்பது என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அரிசியையோ உருளைக்கிழங்கையோ பார்ப்பதுபோல் பார்ப்பது என்று நினைத்துவிட்டார்கள். எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை. என் பெயருக்குக் கீழே அவ்வளவு அழகான எழுத்துகளை நான் அதுவரை பார்த்ததில்லை.

பதில் வந்தது. ருசி பார்க்கும் தேர்வுக்கு வரவும்.

பயிற்சிக்கு மல்லிகாவும் வந்தாள். சிஸ்டர் ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார். ஒன்றில் கொத்தமல்லித் தண்ணி, ஒன்றில் ரணவரா எனும் ஆவாரம்பூக் கஷாயம், ஒன்றில் இஞ்சி, இப்படி. கரண்டியை எடுத்து எப்படி உறிஞ்ச வேண்டும் என்று நான் காட்டினேன். காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் ருசி மூக்குவரை ஏறும். அந்தச் சத்தம் புதியவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ச்சி.

கீழேயிருந்து ஹாஜியார் கத்தினார். "மேல என்னங்க, பைப் வெடிச்சிட்டா?"

சிஸ்டரும் முயன்றார். கொத்தமல்லித் தண்ணி புரை ஏறி மேசையெல்லாம் தெறித்தது. மல்லிகா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் துப்பும் முறையையும் காட்டினேன். தூரத்திலிருந்து, நேராக, பாத்திரத்தின் நடுவில் விழ வேண்டும்.

எல்டர் மட்டும் சிரிக்கவில்லை. "ராஜகோபால், கொழும்பில் கோப்பைகளில் கொத்தமல்லி இருக்காது, இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.



"வாயில் வைத்துத் துப்பினால் குடித்ததாகுமா, எல்டர்?" என்று கேட்டேன்.

அவர் சபையின் பெரியவர்களுக்குத் தொலைபேசி எடுப்பார் என்று எதிர்பார்த்தேன். எடுக்கவில்லை.

"எனக்குத் தெரியாது," என்றார். "தெரிந்தாலும் நான் சொல்லக் கூடாது. வாக்கை நீங்கள் என்னிடம் கொடுக்கவில்லை. அதைக் காப்பாற்ற வேண்டியவரும் நான் இல்லை. நீங்கள் எதைச் செய்தாலும் நாங்கள் வெளியே வாங்கில் உட்கார்ந்திருப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. மேலே உள்ளவர் ஒரு சொல் சொன்னால் கீழே உள்ளவனுக்கு நிம்மதி. அப்படித்தான் வளர்ந்தேன். வேண்டாம் என்றாலும் சரி, செய் என்றாலும் சரி, அது அவர் தலையில் இருக்கும். என்னை நாற்காலியில் பின்னால் தள்ளி உட்கார வைத்த இந்த இருவரும் இப்போது என்னைத் தனியே விட்டுவிட்டதாக நினைத்தேன்.

திரும்பும் பஸ்ஸில் மல்லிகா குரலைத் தாழ்த்தவில்லை.

"தொர சொன்னா கேப்பீங்க, டீமேக்கர் சொன்னா கேப்பீங்க. யாரும் சொல்லாட்டி அப்படியே நின்னுருவீங்க. இதுல என்னங்க யோசன? உறிஞ்சுங்க, துப்புங்க, வாயக் கொப்புளிச்சிட்டு வாங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன், மல்லிகா."

"எனக்கும்தான் குடுத்தீங்க, கல்யாணத்தன்னைக்கி. அன்னைக்கி நீங்க பொலிசுல இருந்தப்ப புள்ளய இடுப்புல வச்சிக்கிட்டு விடிய விடிய நான் நின்னது ஒங்க சாமிக்குத் தெரியுமா? அடுத்த தடவ எங்க கொண்டுபோவாங்கன்னு அவருக்குத் தெரியுமா?"

பின் இருக்கையிலிருந்த கிழவர் ஒருவர், "நல்லாக் கேக்குறா," என்றார். பஸ் முழுக்க அவள் பக்கம்தான்.

5

கொழும்புக்குச் சபையின் வான் வண்டியில் போனோம். லண்ட்பெர்க் தம்பதி முன்னால், நானும் மல்லிகாவும் பின்னால். அவளை வரச் சொன்னவர் சிஸ்டர். பிள்ளையை என் தங்கச்சி பார்த்துக்கொண்டாள்.

நகருக்குள் நுழையும் இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். மணம் பார்த்துப் பழக நான் தொழிற்சாலையிலிருந்து சின்ன டப்பாக்களில் தேயிலைத் தூள் வாங்கி வைத்திருந்தேன். படைவீரன் ஒவ்வொன்றாகத் திறந்தான். இது என்ன, ஏன் இத்தனை, ஏன் தனித்தனியாக என்று சிங்களத்தில் கேட்டான். தேயிலை வேலைக்குப் போகிறேன் என்றேன். எது நல்லது என்றான். குடிப்பதில்லை, தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். சொன்ன உடனேயே அது எவ்வளவு பொய்யாகக் கேட்கிறது என்று எனக்கே தெரிந்தது. அவன் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். மல்லிகாவின் கை என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தது. கடைசியில் அவன் ஒரு டப்பாவை முகர்ந்துவிட்டு, "இது நல்லது," என்று சொல்லி மூடிக் கொடுத்தான். அந்தப் புதிய அட்டை இல்லாவிட்டால் நான் அன்று கொழும்பைப் பார்த்திருக்க மாட்டேன்.

தேர்வு ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தின் மேல்மாடியில். பெரிய சன்னல்கள், நீள மேசை, வெள்ளைக் கோப்பைகள், இடுப்பளவு உயரமான எச்சில் பாத்திரம். கம்பனி சார்பில் நஸீர் என்ற நடுவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஹாஜியாரின் உறவுக்காரர் அவர்தான். பக்கத்தில் தரகர் அலுவலக இளைஞன் ஒருவன் ஒவ்வொரு கோப்பையையும் உறிஞ்சிப் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் போன இருவரும் உறிஞ்சினார்கள், துப்பினார்கள், சொன்னார்கள், போனார்கள்.

அந்த அறைக்குள் போகும்வரை நான் ஒன்றும் முடிவு செய்யவில்லை. கரண்டியைக் கையில் எடுத்தேன். முதல் கோப்பையில் தோய்த்தேன். ஆவி முகத்தில் அடித்தது. மல்லிகா பஸ் நிறுத்தத்தில் நின்றது நினைவுக்கு வந்தது. அந்த நினைவு வந்தால் மனிதன் உறிஞ்சித் துப்பத்தான் நினைப்பான். ஆனால் கை மேலே வரவில்லை. காரணம் இன்றுவரை எனக்குத் தெளிவாகத் தெரியாது. பக்தி என்று சொல்ல மாட்டேன். அதுவரை என் வாழ்க்கையில் வேறு யாருடைய உத்தரவும் இல்லாமல் நானாகக் கொடுத்த வாக்கு அது ஒன்றுதான் என்று தோன்றியது.

கரண்டியைக் கீழே வைத்தேன். நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.

"சேர், நான் வாயில வைக்க மாட்டேன்."

நஸீர் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, ஒங்களுக்கும் நோம்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோன்பு மாதம். ஹாஜியார் கடையில் மாலையில் கஞ்சி ஊற்றுவதைத் தினமும் பார்த்துக்கொண்டு போனவன் நான். தேதி குறிப்பவன் என்று பெயர், இது நினைவில் இல்லை.

"இல்ல சேர். எங்க சபையில தேத்தண்ணி விலக்கு. வாக்குக் குடுத்திருக்கேன்."

"எந்தச் சபை தம்பி அது? சிலோன்லயா இருக்கு?"

"மாத்தளையில சேர். ஹாஜியார் கடைக்கு மேல."

அவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "அடப் பாவமே, அந்தப் பைப் வெடிச்ச சபையா? மாமா டெலிபோன்ல சொன்னாரு." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலையிலருந்து இந்த வாசனைக்கு நடுவுல உக்காந்திருக்கேன் தம்பி. துப்பினா நோம்பு முறியாதுன்னு சொல்றவங்க இருக்காங்க. இருக்கலாம். எனக்கு மனசு கேக்கல. அதுதான் இந்தத் தம்பிய வச்சிருக்கேன், எனக்குப் பதிலா உறிஞ்ச." இளைஞனைக் காட்டினார். "சரி, மூக்கால சொல்லுங்க. நானும் இன்னைக்கி மூக்காலதான் கேக்குறேன்."

காய்ந்த தூளையும், ஊறிய இலையையும், ஆவியையும் வைத்து நான் சொன்னேன். அவரும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். மேசைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவர், இருவருமே குடிக்காமல். இளைஞன் எங்களைப் பார்த்துக்கொண்டே உறிஞ்சினான். சிலது சரியாகச் சொன்னேன். இரண்டை முற்றாகத் தவறாகச் சொன்னேன். அதில் ஒன்று எங்கள் பக்கத்துத் தேயிலை.

"ருசி பாக்குற வேலை ஒங்களுக்குத் தர முடியாது," என்றார் நஸீர். "அது நியாயமில்ல. ஆனா சலிக்கிற இடத்துக்கு ஒரு சூப்பர்வைசர் வேணும். வாய் தேவப்படாத வேல. சரியா?"

"சரி சேர்," என்றேன். எது கொடுத்தாலும் செய்வேன் என்று சொல்லவில்லை. சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். சிஸ்டர் சொல்லிக் கொடுத்திருந்தார்.

வெளியே வாங்கில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். மல்லிகா என் முகத்தைப் பார்த்ததும் எழுந்தாள். கிடைத்தது என்றேன். அவள் உடனே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். தோள்கள் ஆடின. உள்ளே என்ன செய்தேன் என்று எல்டர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டு, மறுபடி கழற்றினார்.

6

1997 ஏப்ரலில் ஷார்ஜா போனேன். மறு ஆண்டு மல்லிகாவும் மதனும் வந்தார்கள். கவிதா அங்கே பிறந்தாள். ஆறு ஆண்டுகளுக்குப் பின் கனடா. லண்ட்பெர்க் தம்பதி 1997 கடைசியில் ஊர் திரும்பினார்கள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஓர் அட்டை வந்தது. அதில் எல்டர் உருளைக்கிழங்கு விளைச்சலைப் பற்றி மட்டும் எழுதுவார்.

மதன் விஷயத்தில் நான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்பதை இப்போது மல்லிகா புரிந்துகொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். புரிந்தாலும் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்க சொல்லாததுக்கு ஒரு காரணம் இருந்திச்சு. நீங்க சொல்லாதது சோம்பேறித்தனம்," என்கிறாள். இருக்கலாம். ஆனால் அவன் இந்த நாட்டில் பஸ்ஸில் ஏறினால் இறங்க வேண்டிய இடத்தில்தான் இறங்குகிறான். அரை மணி தாமதமானால் மல்லிகா தொலைபேசியில் திட்டுகிறாள், வாசலுக்கு ஓடுவதில்லை. அதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும் என்று சில நாட்களில் எனக்குத் தோன்றுகிறது.

போன ஞாயிறு மாலை இதுவரை எழுதியதை மல்லிகாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணியை ஊதிக்கொண்டே கேட்டாள். பஸ்ஸில் அவள் பேசிய இடத்தில் சிரித்தாள். முடிந்ததும் கோப்பையை வைத்துவிட்டு, "ஒண்ணு இதுல இல்ல. ஒங்களுக்குத் தெரியாது," என்றாள்.

"என்ன?"

"அந்தப் பயிற்சி நடந்தன்னைக்கி, எல்டர் ஐயா தெரியாதுன்னு சொன்னதுக்குப் பொறகு, நீங்களும் அவரும் கீழ ஹாஜியார் கடைக்கு டெலிபோன் பண்ணப் போனீங்கல்ல? கொழும்பு போறதுக்குப் பொலிசு பாஸ் சம்மந்தமா. படி எறங்குற தூரந்தானேன்னு அந்தம்மா கூட வரல. நானும் சிஸ்டரம்மாவும்தான் மேல இருந்தோம்."

"சரி."

"பின்னால குசினி இருந்திச்சே. அந்தம்மா போயி சுடுதண்ணி வச்சாங்க. நீங்க மணம் பாக்கக் கொண்டுவந்த தேயில டப்பாவத் தொறந்து ஒரு கோப்பையில போட்டு ஊத்தினாங்க. எனக்குத்தான் போடுறாங்கன்னு நெனச்சேன். சந்தோசமா இருந்திச்சு. பாத்தா, கரண்டிய எடுத்து அவங்களே உறிஞ்சுறாங்க. நீங்க காட்டின மாதிரியே, சத்தமா."

நான் பேனாவை வைத்துவிட்டேன்.

"யாரு, சிஸ்டரா?"

"வேற யாரு? ஒங்களுக்கு என்ன சொல்லுறதுன்னு தெரியாம, அது முடியுமான்னு அவங்களே பாத்தாங்க போல. அப்பறம் என்னயப் பாத்தாங்க. வெரல வாயில வச்சி, சொல்லாதன்னு காட்டினாங்க. கண்ணு கலங்கியிருந்திச்சு. எனக்கு இங்கிலீசு வராது, அவங்களுக்குத் தமிழ் வராது. நானும் சரின்னு தலையாட்டினேன்."

"பன்னெண்டு வருசமா ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னாங்கல்ல? இப்பத்தான் அவங்க இல்லியே."

ஒரே சாட்சியை வைத்து எதையும் எழுதுவது எனக்குப் பழக்கமில்லை. அந்த நாளுக்குரிய நாட்குறிப்பைப் புரட்டினேன். டெலிபோன் பேசியது இருக்கிறது. மேலே நடந்தது அதில் எப்படி இருக்கும்? லண்ட்பெர்க் மகளுக்கு இதை எழுதலாமா என்று கேட்டேன். மல்லிகா கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவள் அப்படிப் போனால் வேண்டாம் என்று அர்த்தம். அதனால் ஆங்கிலத்தில் இன்னொரு பக்கம் எழுதி அனுப்பவில்லை.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. எழுந்து போய்க் கேட்டேன்.

"துப்பினாங்களா, முழுங்கினாங்களா?"

மல்லிகா குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் உறிஞ்சியபின் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றதாகவும், குழாயைத் திறந்துவிட்டதாகவும், முதுகு மட்டுமே தெரிந்ததாகவும் சொன்னாள். தண்ணீர்ச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. எனவே இதை இப்படியே பதிவு செய்கிறேன்: சிஸ்டர் லண்ட்பெர்க் ஒரு கரண்டித் தேநீரை வாயில் வைத்தார் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. அதை அவர் துப்பினாரா, விழுங்கினாரா என்பது உறுதிப்படுத்தப்படவில்லை.